தீப்பெட்டி ஊரில் ஒரு பேட்டரி

மாதத்தில் ஒருநாள் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி நடக்கும். காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்று முதல்நாள் பேப்பரிலேயே ஊர்ப்பட்டியல் வந்துவிடும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பெரும்பாலும் அன்றைக்கு வானத்தில் பொட்டு மேகம்கூட இருக்காது. மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டவர் வீட்டிலும் மற்ற வீடுகளைப் போலவே மின்விசிறி நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார்: "மாடி பூராவும் பலகை மாட்டியிருக்கீங்க, வெயில் மண்டையப் பிளக்குது, உங்க வீட்லயும் கரண்ட் இல்லையா அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. சோலார் போட்டவர்களில் பலருக்கே இதற்குப் பதில் தெரியாது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ, இன்வெர்ட்டர் பழுது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. அந்த இன்வெர்ட்டர் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. அது நின்றுபோகாவிட்டால் ஓர் உயிர் போகலாம்.

பலகையிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். வீட்டுக்கு வேண்டியது நொடிக்கு ஐம்பது சுற்று முன்னும் பின்னுமாக ஓடும் மாறுமின்சாரம். இன்வெர்ட்டர் முன்னதைப் பின்னதாக மாற்றி, தெருவில் ஓடும் மின்சாரத்தின் தாளத்தோடு இணைத்து அனுப்புகிறது. வீடு உபயோகித்தது போக மீதி தெருக்கம்பிக்குப் போகும். பராமரிப்பு நாளில் அந்தக் கம்பியில் லைன்மேன் கை வைத்திருக்கிறார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கிறது என்று நமக்குத் தெரியும். அதே பெட்டி தலைகீழாகவும் வேலை செய்யும். நம் வீட்டு இன்வெர்ட்டர் 230 வோல்ட்டைக் கம்பியில் தள்ளிக்கொண்டே இருந்தால், மறுபக்கம் அது 11,000 வோல்ட்டாக எழும்பும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் என்ன ஆவார்? இப்படி ஒரு வீடோ தெருவோ தனித்தீவாக நின்று கம்பிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டைத் தனித்தீவுத் தடுப்பு என்று சொல்லலாம். கம்பிக்கு மின்சாரம் அனுப்பும் எல்லா இன்வெர்ட்டருக்கும் இது கட்டாயம்.

மாடியில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு, ஊரில் கரண்ட் போனது எப்படித் தெரிகிறது? பக்கத்து வீடுகளிலும் சோலார் இருந்தால் கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்குமே? பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. இன்வெர்ட்டர் அவ்வப்போது அந்த ஐம்பது சுற்றுத் தாளத்தை லேசாக ஒரு பக்கம் தள்ளிப் பார்க்கும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்கட்டமைப்பு மற்ற இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அன்று முதல் காஷ்மீரிலும் சிவகாசியிலும் ஒரே தாளம்தான். நாடு முழுக்கச் சுழலும் மின்னாக்கிகளின் தாளத்தை ஒரு வீட்டுப் பெட்டி தள்ளி அசைக்க முடியுமா? அசையாது. அசையவில்லை என்றால் கட்டமைப்பு இருக்கிறது. தள்ளியதும் தாளம் விலகிக்கொண்டே போனால், மறுமுனையில் யாரும் இல்லை என்று பொருள். இரண்டு நொடிக்குள் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்கிறது.

சரி, நெட் மீட்டர் இருக்கிறதே, பகலில் அனுப்பியதை ராத்திரி திரும்ப எடுத்துக்கொள்கிறோமே என்று கேட்கலாம். அது கணக்கில் மட்டும் நடப்பது. மத்தியானம் நாம் அனுப்பிய மின்சாரத்தை அந்தக் கணமே பக்கத்துத் தெருவில் யாரோ உபயோகித்து முடித்துவிட்டார்கள். கம்பியில் மின்சாரம் தங்காது. ராத்திரி நம் மின்விசிறியைச் சுற்றவைப்பது தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரியாகவோ கூடங்குளத்து அணு உலையாகவோ இருக்கலாம். ஆனி, ஆடியில் கயத்தாறுக் காற்றாகவும் இருக்கலாம். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரியப் பண்ணை ஒன்று வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையங்களில் அதுவும் ஒன்று. பொழுது சாய்ந்தால் அதன் உற்பத்தியும் பூஜ்யம்தான்.

ஆக, பராமரிப்பு நாளில் மின்விசிறி சுற்றவும், மத்தியான வெயில் ராத்திரிக்கு உதவவும் வேண்டுமானால் மின்சாரத்தை எங்கேயாவது பிடித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் பேட்டரி. பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள சிவகாசிக்காரர்களைப் போல் தகுதியானவர்கள் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன். ஆற்றலைச் சின்ன இடத்தில் அடைத்து, வேண்டும்வரை அடக்கி வைப்பதுதான் இந்தக் கந்தக பூமியின் நூறு வருடத் தொழில்.

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியின் தலையில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை. குளோரேட்டின் வேலை ஆக்சிஜன் கொடுப்பது. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். அது குளோரேட்டின் ஆக்சிஜனுக்காகக் காத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கைபட்டாலே வெடிக்கும். அதனால்தான் ஒன்று குச்சியில், மற்றொன்று பெட்டியில். குச்சியைச் சுவரில் எவ்வளவு தேய்த்தாலும் பற்றாது. பட்டையில் உரசும்போது மட்டும் துளிப் பாஸ்பரஸ் பெயர்ந்து குளோரேட்டைத் தொடுகிறது; தீ வருகிறது. ஆற்றல் குச்சியில் மட்டும் இல்லை, பட்டையில் மட்டும் இல்லை. சேரத் துடிக்கும் இரண்டைப் பிரித்து வைத்திருக்கும் அந்த நிலையில் இருக்கிறது.

பட்டாசு இதற்கு நேர்மாறு. கரிமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்து கந்தகம். ஆக்சிஜன் கொடுப்பதும் எரிவதும் துகளுக்குத் துகள் கலந்தே கிடக்கின்றன. திரி வழியாகச் சூடு போய்ச் சேர்ந்தால் போதும், வெளிக்காற்று தேவையே இல்லை. மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே எரிந்து முடிந்துவிடும்.

பேட்டரி, தீப்பெட்டியின் சாதி. வீட்டுக்கு இப்போது அதிகம் வருகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைப் பிரித்தால் இரண்டு நீளமான உலோகத் தாள்கள் இருக்கும். செப்புத் தாளில் பூசியிருப்பது கிராஃபைட் என்னும் கரி. அலுமினியத் தாளில் பூசியிருப்பது இரும்பும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. நடுவில் முடியைவிட மெல்லிய, நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பிரிப்புத் தாள். எல்லாம் ஒரு திரவத்தில் நனைந்திருக்கும். சார்ஜ் ஏறிய நிலையில் லித்தியம் கரிப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. இரும்பு பாஸ்பேட்டிடம் போய்ச் சேரத் துடிக்கிறது. பிரிப்புத் தாள் லித்தியம் அயனியை மட்டும் விடும், எலெக்ட்ரானை விடாது. எலெக்ட்ரான் வேறு வழியில்லாமல் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த வெளிச்சுற்றில் நாம் மின்விசிறியை வைத்துவிடுகிறோம். பேட்டரியின் சூட்சுமம் இவ்வளவுதான். பகலில் சூரியப் பலகை அதே லித்தியத்தைத் திரும்பவும் கரிப்பக்கம் ஓட்டிவிடுகிறது.

எவ்வளவு ஆற்றல் இது? வீட்டுப் பேட்டரிகளில் பரவலாகக் கிடைப்பது 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. ஐந்து யூனிட் சொச்சம். ஒரு கிலோ கரிமருந்து எரிந்தால் வருவது ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது, படிக்கட்டு அருகே சுவரில் மாட்டுகிற அந்தப் பெட்டியில் ஏறத்தாழ ஆறு கிலோ கரிமருந்தின் ஆற்றல் இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆறு கிலோ மருந்து கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும், பேட்டரி ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தரும். இந்த வித்தியாசம் முழுக்க முழுக்க அந்தப் பிரிப்பினால் வருவது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் செல்போனும் மின்ஸ்கூட்டரும் தீப்பிடிக்கிற செய்திகள்? அங்கேதான் வேதியியல் முக்கியமாகிறது. செல்போன்களில் நெடுங்காலமாக உள்ள நேர்முனைப் பொருள் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கண்டுபிடித்தது. அற்புதமான பொருள்தான். ஆனால் சார்ஜ் ஏறிய நிலையில் 200 டிகிரியை ஒட்டிச் சூடானால் அது தன் ஆக்சிஜனைக் கக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது. ஆக்சிஜன் கொடுப்பதும் எரிவதும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தாயிற்று. பிரித்து வைத்திருந்த தீப்பெட்டி கலந்து வைத்த பட்டாசாக மாறிவிடுகிறது. சூடு ஆக்சிஜனை விடுவிக்க, ஆக்சிஜன் இன்னும் சூட்டைக் கிளப்ப, அது கட்டுமீறிப் போகும். இதை வெப்பக் கட்டுமீறல் என்று சொல்லலாம்.

இந்த ஆக்சிஜனைக் கட்டிப்போட வழி காட்டியவர்களில் ஒருவர் நம் தெற்குச் சீமைக்காரர். ஆறுமுகம் மந்திரம் தமிழ்நாட்டின் தென்கோடியில் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்து, பிறகு குட்இனஃபிடம் போய்ச் சேர்ந்தார். முதலில் ஆக்ஸ்ஃபோர்டு, பின்னர் அமெரிக்காவில் டெக்சாஸ். கோபால்ட் விலை உயர்ந்தது, இரும்பு மலிவு. ஆனால் இரும்பு ஆக்சைடை நேர்முனையாக வைத்தால் 2.5 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. 1980-களின் இறுதியில் மந்திரமும் குட்இனஃபும் வெறும் ஆக்சிஜனுக்குப் பதிலாக, கந்தகத்தோடு பிணைந்த ஆக்சிஜனை, அதாவது சல்பேட்டை, இரும்போடு சேர்த்துப் பார்த்தார்கள். அதே இரும்பு 3.6 வோல்ட் காட்டியது. கந்தகம் ஆக்சிஜனைத் தன்பக்கம் இறுக்கி இழுப்பதால், இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிடி தளர்கிறது. அந்தத் தளர்ச்சிதான் வோல்ட்டாக வெளிப்படுகிறது என்று விளக்கினார்கள்.

சல்பேட்டில் ஒரு குறை. பேட்டரியைக் கட்டும்போது கரிப்பக்கத்தில் லித்தியம் இருக்காது. நேர்முனைதான் கொண்டுவர வேண்டும். அந்த இரும்பு சல்பேட்டில் லித்தியம் இல்லை. 1997-ல் அதே குட்இனஃப் குழுவில் பாதி என்பவரும் நஞ்சுண்டசாமி முதலானோரும் கந்தகத்துக்குப் பதிலாகப் பாஸ்பரஸை வைத்த லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தார்கள். இதில் லித்தியம் உள்ளேயே இருக்கிறது. முதலில் அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தவில்லை; துகள்களைப் பொடியாக்கி மேலே கரி பூசியபின் அந்தக் குறையும் தீர்ந்தது. 2019-ல் வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் கிடைத்தபோது, 97 வயது குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம். நம் பள்ளிக்கூடங்களில் இந்தப் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

கந்தகத்தைப் போலவே பாஸ்பரஸும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது; சூடானாலும் எளிதில் விடாது. இதை எப்படி அறிந்தார்கள்? சார்ஜ் ஏற்றிய நேர்முனைப் பொடியைச் சுரண்டி எடுத்து, மூடிய கலத்தில் டிகிரி டிகிரியாகச் சூடாக்கி, வெளிவரும் வாயுவை எடை பார்த்து இனம் பிரிக்கும் கருவிக்குள் செலுத்துவார்கள். கோபால்ட் ஆக்சைடிலிருந்து எந்த வெப்பத்தில் ஆக்சிஜன் எழுகிறது என்பது வரைபடத்தில் மேடாகத் தெரியும். பாஸ்பேட்டில் அந்த மேடு தென்படுவதில்லை. முழுச் செல்லுக்கு இன்னொரு சோதனை. செல்லை ஒரு பாதுகாப்பு அறையில் வைத்து, அறையின் சுவரையும் செல்லின் அதே வெப்பத்தில் வைத்திருப்பார்கள். சூடு எங்கும் தப்பிப் போக முடியாது. அறையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், காத்திருப்பார்கள். மறுபடி ஏற்றுவார்கள், காத்திருப்பார்கள். வெளியிலிருந்து யாரும் சூடேற்றாதபோதும் செல் தானாகச் சூடாகத் தொடங்கும் கணம் எது என்பதே அவர்கள் தேடுவது. அதற்குப் பிறகு அது எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதில்தான் பாஸ்பேட்டின் நிதானம் வெளிப்படுகிறது. இவை போதாதென்று ஆணி அடித்தும் பார்க்கிறார்கள். ஆணி பிரிப்புத் தாளைக் கிழித்து இரண்டு பக்கத்தையும் நேராகத் தொடவைக்கும்.

இதனால் பாஸ்பேட் பேட்டரி எரியவே எரியாது என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளே உள்ள திரவம் எரியக்கூடியதுதான். மிகவும் சூடானால் எரியும் வாயுவை வெளியே விடும். ஆகவே பட்டாசு ஆபீசில் உயிர் காக்கும் ஒழுங்கு இங்கேயும் பொருந்தும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கு அறை இடைவெளி வேண்டும், மருந்துக் கலவையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட வேண்டும். ஒன்று பற்றினாலும் அடுத்தது பற்றக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம். பேட்டரிப் பெட்டிக்குள்ளும் செல்களுக்கு இடையே தடுப்பு உண்டு. ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கவனித்து, மிஞ்சினால் துண்டிக்கும் காவல் பலகையும் உண்டு. பெட்டியைச் சமையலறையிலோ படுக்கையறையிலோ வைக்காமல் காற்றோட்டமான நிழலில், வாசல் வழியை மறிக்காத சுவரில் வையுங்கள். ஐப்பசியில் நம் வட்டாரத்தில் பல வீடுகளில் பட்டாசுப் பெட்டிகள் வந்து இறங்கும். பேட்டரி இருக்கும் அறையில் ஒரு பெட்டி மத்தாப்புகூட இருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பழைய ஈய-அமில பேட்டரியை எல்லாருக்கும் தெரியும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் பெயரளவில் 1.8 யூனிட். பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் நிஜத்தில் ஒரு யூனிட்டுக்குள்தான். போட்டதில் கால்வாசிவரை சூடாகப் போய்விடும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பாஸ்பேட் பேட்டரியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வரை இறக்கலாம், போட்டதில் தொண்ணூறுக்கு மேல் திரும்ப வரும், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். விலை அதிகம் என்பது உண்மை.

வெப்பம் பலகைக்கும் பகைதான். வெயில் ஏற ஏற மின்சாரம் ஏறும் என்று நினைக்கிறோம். பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. அதன்மேல் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரியில் அளந்தது. சித்திரை மத்தியானத்தில் விருதுநகர் மொட்டைமாடிப் பலகை 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வரை குறைந்துபோகும். தளத்துக்கும் பலகைக்கும் நடுவே காற்று போக இடம் விட்டுக் கட்டுவது இதற்காகத்தான்.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? இங்கேதான் பெரும்பாலோர் பணத்தை விடுகிறார்கள். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். மூன்று விசிறி பத்து மணிநேரம் ஓடினால் இரண்டேகால் யூனிட். அதே காற்றை பிஎல்டிசி என்னும் புதுவகை மோட்டார் விசிறி 30 வாட்டில் தரும். மூன்றுக்கும் சேர்த்து முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல், ஒரு யூனிட்டுக்குள். விசிறியை மாற்றியவர் ராத்திரிக்கு ஃபிரிஜ், விளக்கு எல்லாம் சேர்த்து இரண்டு யூனிட்டில் முடித்துவிடலாம். ஏசி ஒன்று போட்டால் அந்த ஐந்து யூனிட் பேட்டரி விடியும்வரை தாங்காது. ஆகவே முதல் செலவு விசிறி, அடுத்தது பலகை, கடைசியில்தான் பேட்டரி என்பது என் கருத்து.

பணக்கணக்கை மறைக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் பலகைக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. பேட்டரிக்கென்று தனியே இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற குடும்பம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் நின்றுவிட்டால், அவர்கள் பலகை போட்டு மிச்சப்படுத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டி பில் எகிறுகிற வீடுகளுக்குத்தான் இது உடனே கைகொடுக்கும். அச்சகம், கடை வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

கரிக்கணக்கு? நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மூன்று கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். ஆண்டுக்கு மூன்று டன் மிச்சம். பலகையைச் செய்ய ஆன கரியை ஓரிரு ஆண்டில் அது ஈடுகட்டிவிடும். பேட்டரியின் நிலை அவ்வளவு எளிதல்ல. ஐந்து யூனிட் பேட்டரியைச் செய்யவே அரை டன் வரை ஆகலாம். ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் இழப்பும் உண்டு. மத்தியான மின்சாரத்தைக் கட்டமைப்பு முழுதாக வாங்கிக்கொள்கிறவரை, அதைப் பிடித்து வைப்பதால் கரி குறைவதில்லை. மத்தியானம் வாங்க ஆளில்லாமல் சூரிய மின்சாரம் மிஞ்சி, அதேநாள் சாயங்காலம் நிலக்கரி எரியும்போதுதான் பேட்டரி கரியையும் மிச்சப்படுத்தும். சூரிய மின்நிலையங்கள் பெருகப் பெருகத் தமிழ்நாடு அந்த நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

பகலில் குறைந்த விலை, சாயங்கால உச்ச நேரத்தில் கூடுதல் விலை என்று நேரத்துக்கேற்ற கட்டணம் வைக்க 2023 ஜூனில் ஒன்றிய அரசு விதி வெளியிட்டது. நம் வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் இன்னும் இரண்டு மாத மொத்த யூனிட்டைத்தான் சொல்கின்றன. மணியைக் கணக்கிடும் மீட்டர் வரும்போது பேட்டரியின் பணக்கணக்கும் மாறும். இப்போது பலகை போடுகிறவர்கள் ஒன்று செய்யலாம்: ஹைப்ரிட் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி இணைத்திருந்தால், கரண்ட் போனதும் அது வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து முழுக்கத் துண்டித்துவிட்டு, தானே ஐம்பது சுற்றுத் தாளம் போட்டு வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தரும். லைன்மேனுக்கும் ஆபத்தில்லை, மின்விசிறியும் நிற்காது. இன்றைக்குப் பேட்டரி வாங்கப் பணம் இல்லாவிட்டாலும், அதற்கான முனை அந்தப் பெட்டியில் காத்திருக்கும்.